வண்டலூர் ஹெரால்டும் அசல்வாதிகளும்

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் புழங்குகின்றன. ஒன்று, ஆங்கிலத் தினசரிகளின் ஞாயிறு இணைப்புகளில் வண்ணப் படங்களோடு வருவது: பாரம்பரியம், கம்பீரம், தாத்தாவின் தொப்பி, பாட்டியின் முத்துமாலை. மற்றது, நம் இலக்கியக் கூட்டங்களில் டீ குடிக்கும் நேரத்தில் வருவது: காலனிய ஏக்கம், துரை போன பிறகும் துரைக்குச் சலாம். முதலாவதைச் சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை குறைவு. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் என் நண்பர்கள். எனவே அவர்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. இரண்டு கட்சியும் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றினாலும், கார் இங்கிலாந்தினுடையது என்பதில் இரண்டுக்குமே சந்தேகம் இல்லை. ஒருவர் அதனாலேயே கும்பிடுகிறார். மற்றவர் அதனாலேயே காறித் துப்புகிறார். இரண்டு பேர் முகமும் ஒரே திசையைப் பார்த்துத்தான் இருக்கிறது.

என்னிடம் இருப்பது 1969-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் மூன்று, நான்கு கதவுகள். 1998-ல் வேலூரில் ஒரு மரக்கடைக்குப் பின்னால், எஞ்சின் ஒரு மூலையிலும் வண்டி ஒரு மூலையிலுமாகக் கிடந்ததை வாங்கி லாரியில் ஏற்றிக் கலசப்பாக்கம் கொண்டுவந்தேன். அப்போது எனக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தா வேலை. அந்தச் சம்பளத்தில் காரைப் புதுப்பிக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு கோளாறைச் சரிசெய்ய முடியும். ஒரு வருஷம் பிரேக், ஒரு வருஷம் ரேடியேட்டர், அடுத்த வருஷம் மகள் கல்யாணம் என்பதால் ஒன்றுமில்லை. 2011-ல்தான் தெருவில் ஓடிற்று. இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. இதைப் பணக்காரப் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் என் பாஸ்புக்கைத் தாராளமாகப் பார்க்கலாம்.

இந்த வண்டியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் விசாரிப்போம். டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959 ஏப்ரலில் வெளிவந்தது. வடிவத்தை வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கலாட்டி. ஆக, நாம் துரை என்று நினைப்பவரே ஓர் இத்தாலியர். அந்தக் காலத்தில் கார் உடலை ஒரே கூடாக அழுத்தி எடுக்கும் பாணி வந்துவிட்டது. ஆனால் கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்துக்கொண்டிருந்த பிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், பழைய முறையில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாக வைத்து போல்ட்டு போட்டு முறுக்கினார்கள். மேதைமை இல்லை, நெருக்கடி. ஆனால் துண்டு துண்டாகப் பிரியும் வண்டியைப் பெட்டிகளில் அடைத்துக் கடல் தாண்டி அனுப்புவது சுலபம். எங்கேயும் பிரிக்கலாம், எங்கேயும் பூட்டலாம். இந்தச் சௌகரியம்தான் ஹெரால்டைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. நாற்பது வருஷம் கழித்து அதைக் கலசப்பாக்கத்தில் ஒரு குமாஸ்தா பிரித்துப் பூட்ட முடிந்ததும் இதனால்தான்.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற கம்பெனி 1948-ல் ஆரம்பமாயிற்று. தொழிற்சாலை வண்டலூரில். முதலில் வான்கார்டு; பிறகு சின்ன வண்டிகள்; 1961-லிருந்து ஹெரால்டு. இடையில் 1953-ல் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. பாகங்களை வெளியிலிருந்து தருவித்து இங்கே பூட்டி மட்டும் விற்கிறவர்கள் மூட்டை கட்டலாம், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம் என்று சுங்கவரிக் கமிஷன் சிபாரிசு செய்ய, அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் போய்விட்டன. இருந்தவர்கள் பாகங்களை இங்கேயே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லேயே வந்திருந்தது. படியில் லூகாஸ்-டி.வி.எஸ். 1961-ல், பிரேக்ஸ் இந்தியா 1962-ல். என் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்துப் பார்த்தால் படியின் முத்திரைதான் இருக்கிறது.

பிறகு 1968-ல் வண்டலூர் ஒரு காரியம் செய்தது. ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது. இங்கிலாந்தில் 1971 வரை ஹெரால்டு செய்தார்கள். ஒரு வருஷம்கூட நான்கு கதவு வைத்ததில்லை. அங்கே புருஷன், பெண்டாட்டி, பின்னால் ஒரு நாய். இங்கே ஒரு காரில் குடும்பம் போவதில்லை, வம்சமே போகிறது. பின்ஸீட்டில் உட்காரப் பாட்டி முன்ஸீட்டை மடித்துக் குனிந்து போக மாட்டாள். அதே நீளத்துச் சட்டத்தின்மேல் கதவை வெட்டி, தூணை நகர்த்தி, புதிதாகக் கதவு அடித்திருக்கிறார்கள். 1972-ல் கெஸல் என்று அடுத்த வண்டி வந்தபோது பின் அச்சையே மாற்றினார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடுபவை. வாங்குகிறவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. நேர் அச்சு வைத்தார்கள். இவையெல்லாம் ‘தழுவல்’ என்றால் இருக்கட்டும். தழுவல் என்ற சொல்லை நாம் எவ்வளவு அலட்சியமாக உபயோகிக்கிறோம் என்பது வேறு விஷயம்.

முதல் கட்சிக்காரர்களிடம் வருகிறேன். சென்னையில் ஒருமுறை பழைய கார்களின் அணிவகுப்புக்கு என்னை இழுத்துப் போனார்கள். அங்கே ஜாதி அடுக்கு ஒன்று இருக்கிறது. உச்சியில் இறக்குமதியான ஸ்போர்ட்ஸ் கார்: எம்.ஜி., ஜாகுவார், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். கடைசிப் பந்தியில் இங்கே பூட்டியவை. ஹெரால்டு வெளிப்புறத் திண்ணை. ஸ்பிட்ஃபயர் வைத்திருந்த ஒருவர், ‘இது ஸ்போர்ட்ஸ் கார் இல்லையே’ என்று என்னிடம் பரிவோடு சொன்னார். இல்லைதான். ஆனால் அவர் பக்கத்தில் வைத்திருந்தது என்ன? 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, அதே முன்சக்கரத் தாங்கிகளையும் அதே மிக்கலாட்டியின் கோடுகளையும் வைத்துச் செய்தது. 1965-ல் லெ மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் தன் வகுப்பில் ஜெயித்த ஸ்பிட்ஃபயர், என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் அத்தை பிள்ளை. லோட்டஸ் கம்பெனிக்காரர்கள் தங்கள் எலானுக்கு முன்சக்கரத் தாங்கியை எங்கே எடுத்தார்கள் என்று கேட்டால் அங்கேயும் இந்த உறவுமுறை வரும். சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் 1953-லிருந்து நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. பரிவோடு பேசுகிறவர்களிடம் வாதம் செய்வது கஷ்டம்.

அன்று அசலுக்கு மதிப்பெண் போட ஒருவர் வந்தார். குனிந்து முன்சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தார். ஓர் எண்ணெய் நிப்பிளைக் கண்டார். அசலில் அங்கே ஒரு திருகுதான் இருக்கும் என்றார். கழித்தார்.

அந்த நிப்பிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுக்க அதற்குள் இருக்கிறது. ஹெரால்டின் முன்சக்கரம் ஒரு எஃகுத் தண்டின்மேல் நிற்கிறது. தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, அதை ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகியிருப்பார்கள். டிரன்னியன் என்று பெயர். ஒரு பக்கத்துக்கு வலப்புரி, மறு பக்கத்துக்கு இடப்புரி. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரம் தன் மரைக்குள் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. கம்பெனிக் கையேடு இதற்கு கிரீஸ் போடாதே, கெட்டியான கியர் எண்ணெய் ஊற்று என்கிறது. திருகைக் கழற்றி, நிப்பிளைப் பூட்டி, எண்ணெய் ஏற்றி, நிப்பிளைக் கழற்றி, மறுபடி திருகைப் போட வேண்டும். இதை எந்தப் பட்டறையில் யார் செய்வார்கள்? எல்லோரும் கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் கட்டிப்போகும், தண்ணீர் இறங்கும், தண்டின் மரை துருப்பிடிக்கும், ஒரு நாள் வண்டியை முக்கில் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மண்டியிடும். இங்கிலாந்திலும் மண்டியிட்டிருக்கிறது, இங்கேயும் மண்டியிட்டிருக்கிறது.

என் வண்டியின் டிரன்னியன்கள் வாங்கும்போதே தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. புதுப்பேட்டையில் கிடைத்தவை அதைவிட மோசம். திருவண்ணாமலையில் ஒரு லேத்துப் பட்டறைக்காரர் கன்மெட்டலில் இரண்டு கடைந்து கொடுத்தார். இடப்புரி மரைக்கு இரண்டு நாள் மல்லுக்கட்டினார். போளூர்ச் சாலையின் தூசியைப் பார்த்துவிட்டு, மேலே இன்னொரு ரப்பர் வளையம் உட்காரப் பள்ளம் எடுத்தார். திருகுக்குப் பதிலாக நிப்பிளை நிரந்தரமாகவே வைத்துவிட்டார். ‘இன்னா சார், கயட்டி கயட்டி மாட்டிக்கினு? எண்ணெ கன்னெ வெச்சி ரெண்டு தட்டு தட்னா போதும்’ என்றார். கோவென்ட்ரியில் சம்பளம் வாங்கிய எஞ்சினீயர்களுக்குத் தோன்றாதது இவருக்குத் தோன்றியது என்று மிகைப்படுத்த மாட்டேன். அவர்களுக்கும் தோன்றியிருக்கும், செலவு பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த நிப்பிள் வந்த பிறகு மாதம் தவறாமல் எண்ணெய் போகிறது. மதிப்பெண் கழித்தவருக்கு, எண்ணெய் இல்லாமல் இற்றுப்போகும் திருகு அசல். எண்ணெய் குடித்து ஓடும் நிப்பிள் கலப்படம். கலையில் ஜீவன் வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கலாம்.

அவர் பெயரை இங்கே எழுத விரும்பினேன். ‘பேரு போட்டீங்கன்னா நாளைக்கே நாலு பேரு ஓடாத வண்டியெ தள்ளிக்கினு வந்துடுவாங்க சார்’ என்று மறுத்துவிட்டார். ஆகவே மிக்கலாட்டிக்குப் பெயர் இருக்கிறது, லேத்துக்காரருக்கு இல்லை. இந்த ஒரு பெயரை விட்டது அவர் இஷ்டம். மற்ற எல்லாப் பெயர்களும் விடுபட்டிருப்பது யார் இஷ்டம்?

இனி நண்பர்கள். காலனிய ஏக்கம் என்று சொன்னவர் தோளில் ஒரு கைத்தறித் துண்டு கிடந்தது. அது விசைநாடாத் தறியில் நெய்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்ததற்கு அவ்வளவாவது பிரயோஜனம் வேண்டாமா? கயிற்றை இழுத்தால் ஓடும் அந்த நாடா 1733-ல் லங்காஷயர்க்காரரான ஜான் கே உரிமை பதிந்தது. அதை நம் நெசவாளர்களுக்குப் பழக்க, 1906-ல் சேலத்தில் சோதனைத் தறிக்கூடம் வைத்தவர் ஆல்பிரெட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி. ஆரணி வட்டாரத்தில் பட்டுச் சேலைக்குப் பூப்போடும் ஜக்கார்டுப் பெட்டி 1804-ல் லியான் நகரத்தில் பிறந்தது. எங்கள் தெருவில் யாரும் அதை பிரெஞ்சுப் பெட்டி என்று சொல்லிக் கேட்டதில்லை. பெட்டியை இங்கே ஆசாரி செய்கிறார், அட்டையை இங்கே குத்துகிறார்கள், அன்னமும் மாங்காயும் அதிலிருந்து இறங்குகின்றன. நெசவாளி சலாம் எதுவும் போடவில்லை. எடுத்துக்கொண்டான்.

தறியில் இன்னொன்று உண்டு. ஒரு பாவு முடியும்போது அதை அடியோடு அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதில்லை. பழைய பாவின் வால் இழைகள் விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே இருக்கும். புதுப் பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாக, விரலில் சாம்பல் தொட்டுத் திரித்துப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பிணைத்து முடித்து இழுத்தால் புதியது பழையதின் வழியிலேயே விழுதுக்குள் புகுந்து வரும். என் வண்டியை நான் சரிசெய்த முறையும் இதுதான் என்று பிறகு தோன்றிற்று. முழுதாகப் பிரித்துப் போட்டு, வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகம் தருவித்து, ஆறு மாதத்தில் பளபளவென்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது பணத்தால் ஆகிற காரியம். மெதுவாகச் செய்கிறவனுக்கு ஒவ்வொரு பாகமும் தன் அளவைக் கற்றுக்கொடுக்கிறது. ஹெரால்டின் போல்ட்டுகள் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் தலைக்கு நம் பட்டறைகளில் இருக்கும் பதிமூன்று எம்.எம். ஸ்பானர் உட்காரும், பிடித்துவிட்டது போலவே இருக்கும், முறுக்கினால் முனை மழுங்கும். அரை இஞ்ச் என்பது 12.7 எம்.எம். அந்தப் புள்ளி மூன்றில்தான் பாதி வண்டிகள் பாழாயின. நம் விமர்சனத்திலும் பாதிக் காரியங்கள் இந்தப் புள்ளி மூன்றில் பாழாகின்றன. ஏறக்குறைய பொருந்துகிற வார்த்தையைப் போட்டு முறுக்கிவிடுகிறோம்.

‘காலனியம்’ அப்படி ஒரு பதிமூன்று எம்.எம். ஸ்பானர். இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்க நியாயமில்லை. ‘எழுத்து’ 1959 ஜனவரியில் வந்தது. ஹெரால்டுக்கு மூன்று மாதம் மூத்தது. செல்லப்பா புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது பண்டிதர்கள் என்ன சொன்னார்கள்? இறக்குமதிச் சரக்கு, வெள்ளைக்காரன் எச்சில் என்றார்கள். அதற்கு நாம் சொன்ன பதில், உருவம் எங்கிருந்து வந்தால் என்ன, அனுபவம் யாருடையது என்று பார் என்பது. கவிதைக்கு அந்தப் பதிலைச் சொன்னவர்கள் காருக்குப் பண்டிதர்களாகிவிடுகிறார்கள். ஒருவேளை, கவிதை மூளையால் ஆவது, கார் கையால் ஆவது. கையால் ஆவதற்கு அனுபவம் என்று ஒன்று கிடையாது என்ற எண்ணமோ? அப்படியானால் அதற்குக் காலனியத்தைவிடப் பழைய பெயர் நம்மிடம் உண்டு.

அரசாங்கமும் இப்போது அசல்வாதியாகிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டிகளுக்குத் தனிப் பதிவு, எண்ணில் ‘வி.ஏ.’ என்று இருக்கும். புதுப் பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷத்துக்கு. சட்டம், உடல், எஞ்சின் ஆகியவை கணிசமாக மாறாமல் அசலாக இருக்க வேண்டும். இதெல்லாம் போகட்டும். அப்படிப் பதிந்த வண்டி கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் மட்டும் ரோட்டில் வரலாம். அரிசி வாங்க வரக் கூடாது. கல்யாணச் சேலையை ஆணியில் மாட்டு, உடுத்தாதே என்பது மாதிரி. நான் அந்தப் பதிவை எடுக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கிறேன். இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் பத்தாயிரம் ஆக்கிவிட்டார்கள். ஓட்டினால் அபராதம், நிறுத்தினால் கௌரவம்.

நிறுத்துவதால் காப்பாற்றுவதாக நினைப்பதும் தப்பு. இப்போது வரும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எதனால். அது பழைய ரப்பர்க் குழாய்களை ஊறவைத்துத் தின்னும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நின்ற வண்டியின் டாங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டர் பூத்துப்போகும். ஓடும் வண்டியில் பெட்ரோல் தங்குவதில்லை. குழாய்களை மாற்றினேன். அசல் இல்லை. மதிப்பெண் போடுகிறவர் வந்தால் அதற்கும் கழித்துக்கொள்ளலாம்.

வண்டலூர்த் தொழிற்சாலை 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டியை விட்டுப் பார்த்தது. ரோவர் எஸ்.டி.1-ன் உடல், உள்ளே பழைய வான்கார்டு வம்சத்து எஞ்சின். விற்கவில்லை. 1988-ல் கதவு சாத்தினார்கள். 2006-ல் இடம் ஏலம் போயிற்று. கிடங்கில் மிச்சமிருந்த உபயோகிக்காத ரோவர் பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாகக் கம்பெனி மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியது. அங்கே தன் ரோவரை அசலாகப் புதுப்பித்து மெடல் வாங்குகிறவர் வண்டியில் வண்டலூர்க் கிடங்கில் பதினெட்டு வருஷம் தூங்கிய பாகம் இருக்கக்கூடும். பாகங்களுக்கு ஆள் வந்தது. அந்தத் தொழிற்சாலையில் கதவு அடித்தவர்கள், வர்ணம் பூசியவர்கள், நான்காவது கதவுக்கு அச்சு செய்தவர்கள் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் என் கண்ணில் பட்டதில்லை. ஆங்கிலத்தில் இங்கிலாந்து ஹெரால்டைப் பற்றி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது. எந்த வருஷம் எந்த போல்ட்டு மாறியது என்பது வரை இருக்கிறது. வண்டலூருக்கு ஓரிரு பத்திகள் ஒதுக்குவார்கள்.

அங்கே வேலை பார்த்தவர்கள் தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் இன்னும் இருப்பார்கள். எழுதலாம், அல்லது யாரையாவது உட்காரவைத்துச் சொல்லலாம். பக்கக் கணக்குப் பார்க்காமல் இந்தப் பத்திரிகையில் போடுவதாக ஆசிரியரைக் கேட்காமலே வாக்குக் கொடுக்கிறேன். கூடவே ஒரு விண்ணப்பம். என் வண்டியில் இடது பின்கதவின் கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடிப் பொறி உடைந்து நாலு வருஷமாகிறது. இங்கிலாந்துக் கடைகளின் பட்டியல்களையெல்லாம் தேடிவிட்டேன். அந்தக் கதவே அங்கே கிடையாது என்பதால் அந்தப் பாகமும் கிடையாது. யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கவும். தபால் செலவு என்னுடையது.